அப்டேட் முடிஞ்சுது, பாட்டு நின்னுச்சு: வீட்டு மியூசிக் சர்வர் ஏன் கனெக்ட் ஆக மாட்டேங்குது?

செங்கோட்டையில ஒரு வீடுன்னு வச்சுக்குவோம். மாடிப்படிக்குக் கீழ ஒரு பழைய கம்ப்யூட்டரோ, ராஸ்பெரி பைங்கற குட்டிக் கம்ப்யூட்டரோ கெடக்கு, அதுல ஒரு யூஎஸ்பி ஹார்டு டிஸ்க். உள்ள இருக்கறது கேசட்ல இருந்து ஏத்துன நாதஸ்வரக் கச்சேரி, கோயில் கொடையில பதிஞ்ச வில்லுப்பாட்டு, அப்புறம் கேரளாவுல புனலூர்ல கட்டிக்கொடுத்த அத்தைக்காக ஒரு ஃபோல்டர் நெறைய மலையாளப் பாட்டு. காசு கட்டி கேக்குற ஆப்ல இதெல்லாம் கெடைக்காது, அதனாலதான் ஜனம் இந்த வேலைய இழுத்துப் போட்டுக்குது. ஒருநாள் அப்டேட் வருது, போட்டு முடிச்சதும் ஃபோன்ல "சர்வர கனெக்ட் பண்ண முடியல"ன்னு ஒரே வரி. அத்தையும் ஃபோன் போட்டு "பாட்டு கேக்குந்நில்லல்லோடா"ன்னு ஆரம்பிச்சிருவாங்க.

இந்த எடத்துல முக்கால்வாசிப் பேரு செய்யறது, எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து இன்ஸ்டால் பண்றது. அதான் தப்பு. பாட்டு ஃபைலு எங்கயும் போயிருக்காது, ஆனா பிளேலிஸ்ட், ஃபேவரைட், எந்தப் பாட்ட எத்தன தடவ கேட்டோம்ங்கற கணக்கு எல்லாம் சர்வரோட டேட்டாபேஸ்ல இருக்கு, அத அழிச்சா போனது போனதுதான். கோளாறு எங்கன்னு கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி எதையும் அழிக்காதீங்க, மத்தத கீழ பாப்போம்.

முதல்ல, இது எப்படி வேல செய்யுது

மியூசிக் சர்வர்ங்கறது ஒரு ப்ரோகிராம், அவ்வளவுதான். நேவிட்ரோம், ஜெல்லிஃபின், ப்ளெக்ஸ், முன்னாடி லாஜிடெக் மீடியா சர்வர்னு இருந்து 2024ல பேர் மாறுன லிரியன், எல்லாமே செய்யற வேல ஒண்ணுதான்: ஹார்டு டிஸ்க்ல இருக்கற பாட்டப் படிச்சு ஒரு பட்டியல் போட்டு வச்சுக்கிட்டு, ஃபோன் வந்து கேட்டா எடுத்துக் குடுக்கும். நடுவுல அஞ்சு கண்ணி இருக்கு, இதுல எது அறுந்தாலும் ஃபோன்ல பெரும்பாலும் வர்றது அதே ஒரே வரி மெசேஜ்தான்.

1. டிஸ்க்: பாட்டு இருக்கற எடம். சர்வருக்கு அந்த ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியணும், படிக்க அனுமதியும் இருக்கணும்.
2. ப்ரோகிராம்: ஓடிக்கிட்டு இருக்கணும். இன்ஸ்டால் ஆகியிருக்குங்கறது வேற, ஓடுதுங்கறது வேற.
3. ஐபி அட்ரஸ்: வீட்டு நெட்வொர்க்ல அந்த மெஷினோட விலாசம், 192.168.1.20 மாதிரி. இத ரவுட்டர்தான் குடுக்குது.
4. போர்ட்: அந்த விலாசத்துல எந்தக் கதவுங்கறது. நேவிட்ரோமுக்கு வழக்கமா 4533, ஜெல்லிஃபினுக்கு 8096, ப்ளெக்ஸுக்கு 32400, லிரியனுக்கு 9000.
5. ஃபயர்வால்: யார உள்ள விடலாம்னு பாக்குற காவல். நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு கேரள எல்லையில இருக்கற புளியரை செக்போஸ்ட்னு சொன்னா போதும்.

அப்டேட்டுக்குள்ள ரெண்டு விஷயம் ஒளிஞ்சிருக்கு

அப்டேட்னு நாம ஒரே வார்த்தைல சொல்றோம், ஆனா நடக்கறது ரெண்டு. ஒண்ணு, ப்ரோகிராமோ சிஸ்டமோ மாறுது. இன்னொண்ணு, மெஷின் ரீஸ்டார்ட் ஆகுது. எல்லாரும் முதல் விஷயத்தையே திட்டுறாங்க. நான் பாத்த வரைக்கும் மொதல்ல சந்தேகப்பட வேண்டியது ரெண்டாவதத்தான், ஏன்னா ஆறு மாசமா நிக்காம ஓடுன மெஷின்ல அன்னைக்கு நாம கையால செஞ்ச ஒட்டு வேலை எல்லாம் அப்படியே நின்னுக்கிட்டு இருக்கும், ரீஸ்டார்ட் ஆனதும்தான் அதெல்லாம் எங்கயும் எழுதி வைக்காத ஏற்பாடுன்னு தெரியவரும். எப்படி எப்படின்னு பாருங்க:

1. விலாசம் மாறிடும். ரவுட்டர் ஐபிய வாடகைக்குத்தான் குடுக்குது, சொந்தமா இல்ல. பழைய மெஷின் திரும்பி வந்து கேக்கும்போது பெரும்பாலும் அதே நம்பர்தான் கெடைக்கும், ஆனா சாரல் நேரத்துல கரண்ட் போய் ரவுட்டரும் சேந்து அணைஞ்சு எழுந்திருந்தா சில ரவுட்டருக்குப் பழைய கணக்கே ஞாபகம் இருக்காது. நேத்து 20 ஆ இருந்தது இன்னைக்கு 23. ஃபோன் ஆப் இன்னும் 20ஆம் நம்பர் வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டு இருக்கும். இதுக்கு சுலபமான தீர்வு, ரவுட்டர் செட்டிங்ல அந்த மெஷினோட மேக் அட்ரஸுக்கு (அந்த மெஷினுக்குன்னே இருக்கற அடையாள நம்பர்) ஒரு ஐபிய ரிசர்வ் பண்ணி வைக்கறது.

2. ப்ரோகிராமே கெளம்பியிருக்காது. விண்டோஸ் கம்ப்யூட்டர்ல சில சர்வர் ப்ரோகிராம் கீழ மூலையில சின்ன ஐகானா ஓடும், அது யாராவது லாகின் பண்ணாத்தான் கெளம்பும். ராத்திரி மூணு மணிக்கு விண்டோஸ் தானா அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் ஆகி பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டு நிக்கும், காலைல அஞ்சரைக்குப் பாட்டி நாதஸ்வரம் கேக்கலாம்னு டேப்லெட்ட எடுத்தா சத்தமே இல்ல. மானிட்டர் இல்லாத மெஷின்னா அந்த பாஸ்வேர்டு பெட்டி நிக்கறதே யாருக்கும் தெரியாது. சர்வர சர்வீஸா, அதாவது பின்னணியில தானா ஓடுற ப்ரோகிராமா, மாத்தி வச்சா லாகின் இல்லாமலே ஓடும். லினக்ஸ்ல இருக்கறவங்க சர்வீஸ் எனேபிள் ஆகியிருக்கான்னு பாக்கணும், டாக்கர்ல (ப்ரோகிராம கன்டெய்னர்ங்கற தனி டப்பாவுல போட்டு ஓட்டுற முறை) ஓட்டுறவங்க கன்டெய்னர் தானா திரும்பக் கெளம்ப ரீஸ்டார்ட் பாலிசி குடுத்திருக்கான்னு பாக்கணும்.

3. டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்காது. லினக்ஸ்ல ஹார்டு டிஸ்க்க ஒரு ஃபோல்டரோட கையால இணைச்சிருந்தா ரீஸ்டார்ட்ல அந்த இணைப்பு போயிடும், எஃப்எஸ்டேப்னு ஒரு ஃபைல் இருக்கு, அதுல எழுதி வச்சாத்தான் நிக்கும். எழுதும்போதும் டிஸ்க்கோட பேர வச்சு எழுதக்கூடாது, ஏன்னா இன்னொரு பென்டிரைவ் சொருகியிருந்தா ஏ டிஸ்க் பி டிஸ்க்குன்னு பேர் மாறிடும். யூயூஐடின்னு ஒரு நீள நம்பர் மாறாம இருக்கும், அத எழுதணும். டாக்கர்ல இன்னொரு வில்லங்கமும் உண்டு: டிஸ்க் மவுன்ட் ஆகறதுக்கு முன்னாடியே கன்டெய்னர் கெளம்பிட்டா அது காலி ஃபோல்டரத்தான் புடிச்சுக்கும், அப்புறம் நீங்க டிஸ்க்க மவுன்ட் பண்ணாலும் பெரும்பாலும் அதுக்குத் தெரியாது, கன்டெய்னர இன்னொரு தடவ ரீஸ்டார்ட் பண்ணணும். ரெண்டு மணி நேரம் தேடி கடைசில இதுன்னு தெரியும்போது வர்ற எரிச்சல் இருக்கே!

4. கடிகாரம் பின்னாடி போயிடும். ராஸ்பெரி பை 4 வரைக்கும் உள்ள போர்டுகள்ல கடிகார பேட்டரி கெடையாது, பை 5ல கடிகாரம் இருக்கு ஆனா பேட்டரிய தனியா வாங்கிப் போடணும். இன்டர்நெட் வர லேட்டாச்சுன்னா அது வரைக்கும் பழைய தேதியிலயே ஓடும். எச்டிடிபிஎஸ், அதாவது பூட்டு போட்ட இணைப்பு, வச்சிருந்தா அதுக்கான சர்ட்டிஃபிகேட் தேதி ஒத்துப்போகாம இணைப்பு முறியும். அரிதுதான், ஆனா நடக்கும்.

எப்படி முறியுதுங்கறதுதான் துப்பு

ஆப்ப மூடி வைங்க. ஆப் எல்லா தப்புக்கும் ஒரே மெசேஜத்தான் காட்டும், பிரவுசர் அப்படி இல்ல. ஃபோன்ல பிரவுசர தொறந்து சர்வர் ஐபியையும் போர்ட்டையும் நடுவுல ஒரு முக்காப்புள்ளி வச்சு அடிங்க, 192.168.1.20:4533 மாதிரி. அடிக்கறதுக்கு முன்னாடி ஐபி இன்னும் அதேதானான்னு ரவுட்டர் பக்கத்துல கனெக்ட் ஆன மெஷின் பட்டியல்ல பாத்துக்குங்க. இப்ப என்ன நடக்குதுன்னு கவனிக்கணும்.

அ) ஒடனே மறுப்பு வந்தா, அதாவது கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு. இது ஒரு வகையில நல்ல செய்தி. லாரி செக்போஸ்ட்டத் தாண்டி கடைவாசல் வரைக்கும் போயிருச்சு, கடைதான் பூட்டியிருக்கு. மெஷின் உயிரோட இருக்கு, விலாசம் சரி, அந்தப் போர்ட்ல யாரும் ஒக்காரல. ப்ரோகிராம் ஓடுதான்னு பாருங்க. ஓடுதுன்னா அப்டேட்ல போர்ட் நம்பர் மாறியிருக்கும், இல்லன்னா ப்ரோகிராம் 127.0.0.1ல மட்டும் காது குடுத்துக்கிட்டு இருக்கும். அந்த 127.0.0.1ங்கறது மெஷின் தனக்குத்தானே பேசிக்கற விலாசம், வெளிய இருந்து யாரும் வர முடியாது. 0.0.0.0ன்னு மாத்துனா எல்லாப் பக்கத்துல இருந்தும் கேக்கும்.

ஆ) சுத்திக்கிட்டே இருந்து கடைசில டைம் அவுட் ஆனா, பதிலே வரல. ஒண்ணு மெஷின் தூங்குது, இல்ல விலாசம் தப்பு, இல்ல செக்போஸ்ட்ல லாரிய ஓரங்கட்டி ஒண்ணும் சொல்லாம நிறுத்தி வச்சிருக்கான். ஃபயர்வால் பல நேரம் மறுப்பு கூட அனுப்பாது, கேட்டத அப்படியே கீழ போட்டுரும், அதனாலதான் இந்தக் காத்திருப்பு. விண்டோஸ்ல அப்டேட்டுக்கு அப்புறம் வீட்டு நெட்வொர்க்க பப்ளிக்னு மாத்தி வச்சிருக்கான்னு மொதல்ல பாருங்க, ப்ரைவேட்டுக்கு மட்டும் அனுமதி குடுத்திருந்தா பப்ளிக் ஆனதும் கதவு சாத்திடும். இன்னொண்ணு, விண்டோஸ் ஃபயர்வால்ல அனுமதி ப்ரோகிராமோட ஃபைல் இருக்கற எடத்த வச்சுத்தான் பெரும்பாலும் எழுதியிருக்கும், புது பதிப்பு வேற ஃபோல்டர்ல போய் ஒக்காந்தா பழைய அனுமதிச் சீட்டு செல்லாது.

இ) பக்கம் வருது, 502னு எழுதியிருக்கு. நடுவுல ரிவர்ஸ் ப்ராக்ஸி, அதாவது வர்றவங்கள வாங்கி உள்ள சர்வருக்கு அனுப்புற ப்ரோகிராம், வச்சிருக்கறவங்களுக்கு மட்டும் இது. முன்வாசல் ஆள் இருக்கான், உள்ள இருக்கற சர்வர் பதில் சொல்லல.

ஈ) பிரவுசர்ல நல்லா தொறக்குது, லாகின் கூட ஆகுது, ஆப்ல மட்டும் வரல. அப்ப நெட்வொர்க்க விட்டுருங்க, ஆப்பப் பாருங்க. நேவிட்ரோம் மாதிரி சர்வருங்க சப்சானிக்னு ஒரு பழைய பேச்சு முறையில ஆப்போட பேசுது, அதுல தப்புக்குத் தனித்தனி நம்பரே உண்டு: 20 வந்தா ஆப் பழசு, அத அப்டேட் பண்ணணும், 30 வந்தா சர்வர் பழசு, 40 வந்தா பேரோ பாஸ்வேர்டோ தப்பு. ஆப்ல லாக் (நடந்தத எழுதி வைக்கற குறிப்பு) பாக்குற வசதி இருந்தா இந்த நம்பரத் தேடுங்க, பாதி வேல முடிஞ்சுது.

உ) எல்லாம் தொறக்குது, பாட்டு மட்டும் ஒண்ணும் இல்ல. டிஸ்க். மேல சொன்ன மூணாவது பாயிண்ட்டுக்கே திரும்பப் போங்க.

பிரவுசர் சோதனைய சர்வர் மெஷின்லயே ஒக்காந்து ஐபிக்குப் பதிலா 127.0.0.1ன்னு போட்டு, போர்ட்டோட, ஒரு தடவ செஞ்சு பாருங்க. அங்க வருது, ஃபோன்ல வரலன்னா ப்ரோகிராம் ஓடுது, ஒண்ணு அது 127.0.0.1ல மட்டும் காது குடுக்குது, இல்ல வழில ஏதோ அடைப்பு.

நெசமாவே அப்டேட் தான் மாத்திருச்சுன்னா

செங்கோட்டை புனலூர் பாதைய மீட்டர் கேஜ்ல இருந்து அகலப்பாதையா மாத்தணும்னு 2010ல மூடுனாங்க, 2018லதான் முழுசா திரும்ப ஓடுச்சு. தண்டவாளம் மாறினதுக்கு அப்புறம் பழைய மீட்டர் கேஜ் பெட்டி எவ்வளவு நல்லா இருந்தாலும் அதுல ஓடாது. சாஃப்ட்வேர்லயும் இப்படி கேஜ் மாத்துறது உண்டு, அதுல வீட்டு மியூசிக் சர்வர் ஆளுங்கள ரொம்ப படுத்துனது எஸ்எம்பி.

எஸ்எம்பிங்கறது ஒரு மெஷின்ல இருக்கற ஃபோல்டர இன்னொரு மெஷின் நெட்வொர்க் வழியா படிக்கற முறை. பாட்டு ஒரு பழைய நாஸ் பெட்டியில (நெட்வொர்க்ல நேரா மாட்டுற ஹார்டு டிஸ்க் பெட்டி), சர்வர் வேற கம்ப்யூட்டர்லன்னா நடுவுல இதுதான் ஓடும். இதோட முதல் பதிப்பு பாதுகாப்பு இல்லாததுன்னு விண்டோஸ் 10லயே 2017 கடைசில வந்த அப்டேட்ல இருந்து புதுசா இன்ஸ்டால் பண்றப்போ எடுத்துட்டாங்க, லினக்ஸ் பக்கம் எஸ்எம்பி பேசுற சாம்பாங்கற ப்ரோகிராம்ல, 2019ல வந்த 4.11 பதிப்புல தானா அணைச்சு வச்சுட்டாங்க. அடுத்து விண்டோஸ் 11 24எச்2. அதுல ப்ரோ பதிப்புல எஸ்எம்பி இணைப்புக்கு டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம், பாஸ்வேர்டு இல்லாம கெஸ்ட்டா நுழையறதும் கெடையாது. வீட்டுல நாமதான இருக்கோம்னு பாஸ்வேர்டே வைக்காம விட்ட நாஸ் ஃபோல்டர் எல்லாம் அந்த அப்டேட்டோட தெரியாமப் போச்சு. பழைய முறைய திரும்ப ஆன் பண்ண வழி இருக்கு, ஆனா அதுக்குப் பதிலா நாஸ்ல ஒரு யூசர் பேரும் பாஸ்வேர்டும் வைக்கறது பத்து நிமிஷ வேல, அத செஞ்சிருங்கன்னுதான் சொல்வேன்.

மத்த கேஜ் மாற்றங்கள்ல தெரிஞ்சு வச்சுக்க வேண்டியது மூணு.

1. ராஸ்பெரி பை ஓஎஸ், 2023 அக்டோபர்ல வந்த புக்வார்ம் பதிப்பு. அதுவரைக்கும் நிலையான ஐபிய டிஎச்சிபிசிடிங்கற ஃபைல்ல எழுதுவோம், புக்வார்ம்ல இருந்து நெட்வொர்க் மேனேஜர்தான் எல்லாம் பாத்துக்குது, பழைய ஃபைல்ல எழுதுனத அது திரும்பிக் கூடப் பாக்காது. பழைய டுட்டோரியல பாத்து அதே மாதிரி எழுதிட்டு ஏன் ஐபி நிக்கலன்னு முழிக்கறவங்க இன்னும் இருக்காங்க.
2. ஜெல்லிஃபின் 10.11, 2025 அக்டோபர். உள்ள டேட்டாபேஸ் அமைப்பையே மாத்திட்டாங்க. முதல் தடவ கெளம்பும்போது பழையத எல்லாம் புதுசுக்கு மாத்தும், லைப்ரரி பெருசா இருந்தா ரொம்ப நேரம் எடுக்கும். அந்த நேரத்துல ஆப்ல கனெக்ட் ஆகாது, அது கோளாறு இல்ல. தொங்கிருச்சுன்னு நெனச்சு ப்ளக்க புடுங்குனீங்கன்னா அப்பத்தான் நெசக் கோளாறு ஆரம்பிக்கும்.
3. நேவிட்ரோம் 0.55, 2025. ஸ்கேனர புதுசா எழுதிட்டாங்க, அப்டேட் ஆனதும் எல்லாப் பாட்டையும் முழுசா திரும்பப் படிக்கும். அதுல ஒரு நல்லதும் இருக்கு: டிஸ்க் கழண்டு பாட்டு காணாமப் போனாலும் பட்டியல்ல இருந்து தானா அழிக்காது, காணலன்னு குறிச்சு வச்சுக்கும், டிஸ்க் திரும்ப வந்தா ஸ்டாரும் பிளேலிஸ்டும் அப்படியே இருக்கும்.

ஃபோன் அப்டேட் ஆனதையும் கணக்குல எடுங்க

சர்வரையே நோண்டிக்கிட்டு இருப்போம், மாறினது ஃபோனா இருக்கும். ஐஃபோன்ல ஐஓஎஸ் 14ல இருந்து, அதாவது 2020ல இருந்து, வீட்டு நெட்வொர்க்ல இருக்கற மெஷினத் தேட ஒவ்வொரு ஆப்பும் தனியா அனுமதி கேக்கும், அவசரத்துல வேணாம்னு தட்டிருந்தா அவ்வளவுதான், செட்டிங்ல போய் லோக்கல் நெட்வொர்க்ல திரும்ப ஆன் பண்ணணும். ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்லயும் 2024ல வந்த செக்கோயா பதிப்புல இருந்து இதே கதைதான். ஆண்ட்ராய்டு பக்கம் 2018ல வந்த 9ல இருந்து ஆப் எழுதுறவங்க தனியா அனுமதி வச்சாத்தான் பூட்டு இல்லாத வெறும் எச்டிடிபில பேச முடியும், ஆப் புதுப்பிச்சதும் அது விட்டுப்போச்சுன்னா எச்டிடிபிஎஸ் விலாசம் மட்டும்தான் எடுக்கும்.

"சர்வர தானா கண்டுபிடிக்கல, ஐபி போட்டா வருது"ன்னா அது வேற நோய். டிஎல்என்ஏ (வீட்டு மெஷினுங்க ஒண்ணையொண்ணு கண்டுபிடிச்சு பாட்டு, படம் பகிர்ற முறை) மாதிரி தேடல் எல்லாம் மல்டிகாஸ்ட்ல நடக்குது, தெருவுல நின்னு "இங்க பாட்டு வச்சிருக்கறது யாரு"ன்னு பொதுவா கூப்பிடற மாதிரி. ரவுட்டர்ல மல்டிகாஸ்ட்ட தடுக்கற செட்டிங் இருந்தா இந்தக் கூப்பாட்ட அடுத்த மெஷின் காதுல விழ விடாது. ரவுட்டர் ஃபர்ம்வேர் அப்டேட் ஆச்சுன்னா இது தானா ஆன் ஆகியிருக்கான்னு பாருங்க. ஐபி கையால போட்டு ஓடுதுன்னா அப்படியே விட்டுருங்க, குத்தமில்ல.

மலைக்கு அந்தப் பக்கம்: அத்தை ஏன் கேக்க முடியல

வீட்டுக்குள்ள ஓடுது, புனலூர்ல ஓடலன்னா மேல சொன்னது ஒண்ணும் பொருந்தாது. வெளிய இருந்து வர்றவங்களுக்கு 192.168ன்னு ஆரம்பிக்கற விலாசம் அர்த்தமே இல்லாதது, அது நம்ம வீட்டுக்குள்ள மட்டும் செல்லும். முன்னாடி ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளிய இருந்து வர்றத சர்வருக்குத் திருப்பி விடற செட்டிங், போட்டு விட்டிருப்போம். இப்ப இன்டர்நெட் கம்பெனி சிஜிநாட்டுக்கு மாத்திட்டா பல வீட்டுக்குச் சேந்து ஒரே பொது ஐபி, நம்ம ரவுட்டருக்கே நேரடி விலாசம் கெடையாது. சோதிக்கறது சுலபம்: ரவுட்டர் பக்கத்துல WAN ஐபின்னு (ரவுட்டரோட வெளிப்பக்க விலாசம்) காட்டுற நம்பரையும், உங்க ஐபி என்னன்னு காட்டுற வெப்சைட்ல வர்ற நம்பரையும் ஒப்பிடுங்க. வேற வேறயா இருந்து, ரவுட்டர்ல 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா சிஜிநாட்தான். போர்ட் ஃபார்வர்டிங் எத்தன தடவ போட்டாலும் வேலைக்காகாது.

டெய்ல்ஸ்கேல் மாதிரி ஆப் வச்சு ரெண்டு வீட்டு மெஷினுக்கும் நடுவுல தனி வழி போட்டவங்க பாக்க வேண்டியது தேதி. அதுல ஒவ்வொரு மெஷினோட சாவியும் நாம மாத்தி வைக்கலன்னா 180 நாள்ல காலாவதி ஆகும். எச்டிடிபிஎஸ்க்கு லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமா குடுக்கற சர்ட்டிஃபிகேட்டுக்கு வழக்கமா 90 நாள். இது ரெண்டும் அப்டேட் போட்ட வாரத்துலயே முடிஞ்சிருந்தா பழி அப்டேட் மேல விழும், பாவம்.

கை வைக்கற வரிசை

1. ரவுட்டர்ல இன்னைக்கு சர்வரோட ஐபி என்னன்னு பாருங்க.
2. சர்வர்லயே பிரவுசர்ல தொறந்து பாருங்க, அப்புறம் ஃபோன் பிரவுசர்ல.
3. மறுப்பா, டைம் அவுட்டா, லாகினா, காலியான்னு பிரிச்சுக்குங்க.
4. சர்வர் லாக்ல கடைசி இருபது முப்பது வரி படிங்க. போர்ட் ஏற்கனவே யூஸ்ல இருக்கு, அனுமதி இல்ல, டேட்டாபேஸ் பூட்டிக்கிச்சுங்கற மாதிரி வெளிப்படையாவே எழுதியிருக்கும்.
5. இதுக்கும் மசியலன்னா பழைய பதிப்புக்குத் திரும்பலாம், ஆனா டேட்டாபேஸ் புது அமைப்புக்கு மாறியிருந்தா பழைய ப்ரோகிராம் அதப் படிக்காது, அப்டேட்டுக்கு முன்னாடி எடுத்து வச்ச காப்பி வேணும்.

அந்தக் காப்பி எடுக்கறதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. நேவிட்ரோமும் ஜெல்லிஃபினும் எஸ்க்யூலைட்டுங்கற டேட்டாபேஸத்தான் பயன்படுத்துது, சர்வர் ஓடும்போது டேட்டாபேஸ் ஃபைலுக்குப் பக்கத்துலயே அதே பேர்ல -wal (வால்)னு முடியறது ஒண்ணு, -shmனு முடியறது ஒண்ணுன்னு ரெண்டு ஃபைல் இருக்கும். கடைசியா எழுதுன மாற்றம் அந்த வால் ஃபைல்லதான் கெடக்கும். பெரிய ஃபைல மட்டும் காப்பி பண்ணி வச்சா நேத்து போட்ட பிளேலிஸ்ட் அதுல இல்லாமப் போகலாம், சில நேரம் காப்பியே ஒடைஞ்சு போயிருக்கும். சர்வர நிறுத்திட்டு, அந்த டேட்டா ஃபோல்டர மொத்தமா வேற டிஸ்க்குக்கு எடுத்துட்டு, அப்புறம் அப்டேட்ட அமுக்குங்க, அதுவும் மழ கொட்டி கரண்ட் போய்ப்போய் வர்ற அன்னைக்கு வேண்டாம்.